ஷூ கம்பெனி மிச்சத்தில் ஒரு விரால் தவளை: வீட்டிலும் ஏரியிலும் வைக்க வேண்டிய தேர்வுகள்

விரால் பிடிக்க உயிர்த் தவளை வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிகளில் வெட்டிக் கழிக்கும் சோல் துண்டு, கையகலத் தோல் துண்டு, ஒரு இரட்டை முள், கொஞ்சம் ஸ்டீல் கம்பி இருந்தால் போதும். வீட்டிலேயே ஒரு தவளை லூர், அதாவது செயற்கை இரை, செய்துவிடலாம். ஜோலார்பேட்டையில் இருக்கும் நமக்கு இந்தச் சரக்கெல்லாம் அரை மணி ரயில் தூரத்தில் கிடைக்கிறது. எப்படிச் செய்வது என்று காட்ட ஏராளமான வீடியோக்கள் இருக்கின்றன. செய்ததை எப்படிச் சோதிப்பது என்று சொல்பவர்கள்தான் குறைவு. அதனால் இந்தப் பதிவை முழுக்கச் சோதனைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மீன் கடித்தால் நல்ல லூர், கடிக்காவிட்டால் மோசமான லூர் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மீன் கடிப்பது வெயில், காற்று, தண்ணீர் மட்டம், மீனின் பசி எல்லாம் சேர்ந்து முடிவாவது. அதில் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். வீசிய லூர் முழுசாகத் திரும்பி வருவது மட்டும் முழுக்க நம் கைவேலையைப் பொறுத்தது. புல்லில் சிக்காமல், பசை விடாமல், கம்பி உருவிக்கொள்ளாமல், முள் நிமிராமல் எத்தனை முறை வீசினாலும் கைக்கு வந்து சேர வேண்டும். திரும்பி வராத லூர் ஏரிக்குள் ஒரு துண்டு பிளாஸ்டிக்காக, ஒரு இரும்பு முள்ளாகக் கிடக்கும். கீழே நான் சொல்லும் தேர்வுகள் எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

செருப்புக் கத்தியில் பிறந்த லூர்

உலகத்தில் அதிகம் பேர் அறிந்த லூர்களில் ஒன்றின் கதை நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்பவே நெருக்கமானது. பின்லாந்தில் லௌரி ராபாலா என்ற ஏழை மீனவர் 1936இல் தன் முதல் லூரைச் செதுக்கினார். அவர் எடுத்த ஆயுதம் செருப்புத் தைப்பவரின் கத்தி. உடம்புக்குத் தக்கை மரம். மினுமினுப்புக்குச் சாக்லேட் சுற்றிவரும் உலோகத்தாள். மேல் பூச்சுக்கு வார்னிஷ் வாங்கக் காசில்லை, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். அடிபட்ட சிறு மீன் ஒருபக்கம் சாய்ந்து தடுமாறி நீந்துவதையும், பெரிய மீன் அதையே குறிவைத்துப் பாய்வதையும் அவர் படகிலிருந்து பார்த்திருந்தார். அந்தத் தடுமாற்றம் வரும்வரை செதுக்குவதும் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதுமாக இருந்தார். 1962இல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதிய பிறகு ஆர்டர்கள் குவிந்தன. இப்போதும் ஒவ்வொரு லூரையும் தொட்டியில் நீந்தவிட்டுப் பார்த்த பிறகே அனுப்புவதாக அந்த நிறுவனம் சொல்கிறது.

செருப்புக் கத்திக்கும் தோல் மிச்சத்துக்கும் நம் பாலாற்றங்கரையில் என்ன பஞ்சம்? ராபாலாவுக்குக் கிடைக்காத நுரைச் சோலும் நமக்குக் கிடைக்கிறது. அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது, திருப்தி வரும்வரை தண்ணீரிடம் கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பொறுமையைத்தான்.

ஏன் தவளை?

நம் ஏரிகளில் செயற்கை இரைக்கு ஆவேசமாகப் பாயும் மீன் விரால். அது செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. அடிக்கடி மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு போகும். ஏரி வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கொஞ்ச காலம் உயிர் பிழைக்கும். கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய ஓரங்களில், ஆழமில்லாத இடத்தில் அசையாமல் கிடந்து, தலைக்கு மேல் ஏதாவது துடித்தால் பாயும். அதனால்தான் ஊர்ப்பக்கம் காலங்காலமாக உயிர்த் தவளையை முள்ளில் குத்திப் போடுகிறார்கள்.

ஆனால் தவளை வயலுக்கு வேண்டிய உயிர். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தவளைக்கால் டன் டன்னாக வெளிநாடு போனது. பூச்சிகளைத் தின்னும் தவளைகள் வயல்களில் குறைந்துபோனதைப் பார்த்து, 1987இல் அரசு அந்த ஏற்றுமதியையே தடை செய்தது. நாம் செய்யும் ஒவ்வொரு போலித் தவளையும் சில உண்மைத் தவளைகளைக் காப்பாற்றும். இந்த வேலையில் எனக்கு அக்கறை வந்ததற்கு முதல் காரணமே இதுதான்.

சரக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

உடம்புக்கு ஈ.வி.ஏ. நுரை வேண்டும். ஹவாய் செருப்பு மாதிரி லேசான சோல்களில் வருவது. இதன் உள்ளே இருக்கும் குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை, அதனால் தண்ணீர் ஏறாது. பார்க்க இதைப் போலவே இருக்கும் பி.யூ. நுரை வேறு சாதி. இன்சோலுக்குப் போடும் மெத்துமெத்தென்ற வகையெல்லாம் தண்ணீரைக் குடிக்கும். வருஷக்கணக்கில் ஈரக்காற்று பட்ட பி.யூ. சோல் பொடிப்பொடியாக உதிர்வதைப் பழைய ஷூவில் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கு அது ஆகாது.

கால்களுக்குத் தோல். இதில்தான் நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. தோலில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று, மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டது. அந்தக் காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பல் ஏறி இங்கிலாந்து வரை போனது. மற்றொன்று, குரோமியம் உப்பில் பதனிட்டது. டேனரிகளில் வெளிர் நீலமாக அடுக்கி வைத்திருக்கும் வெட் ப்ளூ இந்த வகை. எங்கள் ஸ்டேஷன் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் இரண்டு துண்டையும் காட்டினேன். தொட்டுப் பார்த்த உடனே சொன்னார்: “இது பட்டைத் தோல் தம்பி, தண்ணி குடிச்சு ஊதிடும். காஞ்சா கட்டையாயிடும். காலு ஆடணும்னா க்ரோம் தோலை எடு.”

அவர் சொன்னதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளே முழுக்கப் பழுப்பாக இருக்கும். க்ரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் சாம்பல் நீலம் தெரியும். சாயம் உள்வரை ஏறியிருந்து சந்தேகம் வந்தால், நகத்தளவு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு இறுகிவிடும். நன்றாகப் பதனிட்ட க்ரோம் தோல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், இதற்கென்று பழைய டப்பா ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தோல் மிச்சத்தை எரித்து அழிக்கவே கூடாது. க்ரோம் தோலை எரிக்கும்போது அதிலிருக்கும் குரோமியம் நஞ்சு கூடிய இன்னொரு வடிவத்துக்கு மாறக்கூடும்.

எடைக்கு ஈயம் வேண்டாம். தண்ணீர்ப் பறவைகள் அடியில் கிடக்கும் ஈயக்குண்டைக் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்துப்போகின்றன. அன்னங்கள் அப்படிச் செத்ததால் பிரிட்டன் 1987இலேயே சிறிய ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையைத் தடுத்தது. இரும்பு நட்டும் சைக்கிள் பால்ரஸ் குண்டும் நமக்குப் போதும்.

ஒட்டும் முறை செருப்புக்கடையில் பார்த்ததேதான். ஈ.வி.ஏ. வழவழப்பானது, அப்படியே பூசினால் பசை பிடிக்காது. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, சொல்யூஷனை இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு உலரவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அமுக்கினால் பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், தண்ணீரில் விட்டுவிடும். ஒட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

முதல் தேர்வு: வாளியில் மிதப்பு

கொஞ்சம் கணக்குப் போடுவோம். செதுக்கி முடித்த தவளை உடம்பு 15 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க முங்கினால் அது 15 கிராம் தண்ணீரைத் தள்ளும். லேசான சோல் நுரை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 கிராம், ஆக உடம்பின் எடை 3 கிராம். மீதி 12 கிராம் வரை அது சுமக்கும். முள், கம்பி, நட்டு, தோல் எல்லாம் சேர்த்து 8 கிராமில் முடித்தால் மொத்தம் 11 கிராம். முக்கால்வாசி முங்கி, முதுகு மட்டும் வெளியே தெரியும்படி மிதக்கும். தவளை தண்ணீரில் கிடக்கும் கிடையும் அதுதான். வீசுவதற்கும் இந்த எடை கைக்கு வாகாக இருக்கும்.

எல்லாச் சோலும் ஒரே அடர்த்தி இல்லை என்பதால் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒட்டுவதற்கு முன்பே முள், கம்பி, நட்டு எல்லாவற்றையும் ரப்பர் பேண்டால் உடம்போடு கட்டி வாளியில் போடுங்கள். மூக்கு லேசாக மேலே, பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, முள்முனை இரண்டும் வானம் பார்த்து இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் நட்டை நடுக்கோட்டுக்கு நகர்த்துங்கள். மல்லாந்து விழுந்தால் எடை மேலே இருக்கிறது, வயிற்றுப் பக்கம் இறக்குங்கள். கையால் சுண்டிக் கவிழ்த்துவிட்டுப் பாருங்கள். எப்படி விழுந்தாலும் தானே நிமிர வேண்டும். வீசும்போது அது எந்தப் பக்கம் விழும் என்று நம்மால் சொல்ல முடியாது.

இரண்டாம் தேர்வு: ராத்திரி ஊறல்

சின்னத் தராசில் எடை பார்த்து எழுதிவைத்து, இரவு முழுக்க வாளியில் அமுக்கி வையுங்கள். மேலே ஒரு தட்டும் கல்லும் வைத்தால் முங்கியே இருக்கும். காலையில் மேலீரத்தைத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். தோல் கால்கள் கொஞ்சம் தண்ணீர் ஏற்றிக்கொள்ளும், அது இயல்பு. அதற்கு மேல் எடை கூடியிருந்தால் உடம்புக்குள் தண்ணீர் போகிறது. கம்பி நுழையும் துளையையும் ஒட்டிய கோட்டையும் பாருங்கள். ஊறிய தவளையை மறுபடி மிதக்கவிட்டு, நேற்றைய கிடையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஏரியில் ஒரு மணி நேரம் கழித்து அது எப்படி இருக்கும் என்பது இங்கேயே தெரிந்துவிடும். ஊறவைத்த தண்ணீரைப் பாத்திரம் கழுவும் இடத்தில் விடாதீர்கள், பசையும் சாயமும் கலந்திருக்கும்.

மூன்றாம் தேர்வு: ஓடும் தண்ணீர்

வாளியில் மிதப்பைப் பார்க்கலாம், நீச்சலைப் பார்க்க முடியாது. வீட்டுத் தொட்டியிலும் இரண்டு கை இழுப்பதற்குள் சுவர் வந்துவிடும். இதற்கு நம் ஊரில் அருமையான ஏற்பாடு ஒன்று உண்டு: பம்ப்செட் வாய்க்கால். மோட்டார் ஓடும் நேரம், கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, லூரைத் தூண்டில் நரம்பில் கட்டி வாய்க்கால் நடுவில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். லூர் நின்ற இடத்தில் நிற்கும், தண்ணீர் அதைத் தாண்டி ஓடும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம். பெரிய கம்பெனிகள் ஓட்டத் தொட்டி கட்டிச் செய்யும் வேலை இங்கே செலவில்லாமல் நடந்துவிடுகிறது.

பார்க்க வேண்டியது மூன்று. கால்கள் விரிந்து மூடுகின்றனவா? ஷூவின் மேல்பாகத்துக்குப் போடும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலை, அடியில் அகலமாகவும் நுனியில் ஊசியாகவும் வெட்டினால் நன்றாக ஆடும். ஒரே அகலத்தில் வெட்டினால் விறைத்து நிற்கும். அடுத்து, மூக்கு மேலே வருகிறதா, உள்ளே முங்குகிறதா? முங்கினால் நரம்பு கட்டும் வளையம் மேலே தள்ளி இருக்கிறது, வாய்க்கு நேராகக் கொஞ்சம் இறக்குங்கள். கடைசியாக, முகத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தால், சுண்டி இழுக்கும்போது பளக்கென்று சத்தம் வந்து தண்ணீர் முன்னால் தெறிக்கிறதா? சத்தமே இல்லையென்றால் குழியைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள்.

தவளை அல்லாமல், தாடை வைத்த மீன் வடிவ லூர் செய்கிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. இழுக்கும்போது இடப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தை வலப்பக்கம் வளையுங்கள், வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். மயிரிழை அளவு போதும். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வளைவு.

நான்காம் தேர்வு: பாரம்

நுரை எந்த மீனையும் தாங்காது. அதனால் மூக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரே ஸ்டீல் கம்பி ஓட வேண்டும். மூக்கு வளையமும் முள்ளும் அந்தக் கம்பியிலேயே இருக்க வேண்டும். இதைச் சோதிக்க, வளையத்தை உறுதியான கயிற்றில் தொங்கவிட்டு, முள்ளின் வளைவில் ஒரு வாளியைக் கட்டுங்கள். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்குச் சுலபம். நீங்கள் பயன்படுத்தும் நரம்பு எத்தனை கிலோ தாங்குமோ, அதே பாரத்தைக் கம்பியும் முள்ளும் தாங்க வேண்டும். விரால் கடித்த உடனே வேர்களுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும், விட்டுப்பிடிக்க நேரம் இருக்காது. முறுக்கிய கம்பி பிரிகிறதா, முள் விரிகிறதா என்று பாருங்கள். வாளி தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மேல் தொங்க வேண்டாம். முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஐந்தாம் தேர்வு: புல்லும் கட்டைவிரலும்

இதற்குத் தண்ணீரே வேண்டாம். வேலியோரக் கோரைக்கும் செடிக்கும் மேலே லூரை வீசி, தரையோடு இழுத்து வாருங்கள். முள்முனை முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இலையைக் குத்தித் தூக்கி வந்தால் முனை வெளியே நிற்கிறது என்று பொருள். அதற்காக முனையை ஒரேயடியாக நுரைக்குள் புதைத்துவிட்டால் மீனின் வாயிலும் மாட்டாது. லூரைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, வயிற்றிலும் முதுகின் முன்பக்கத்திலும் அமுக்குங்கள். மிதமான அழுத்தத்திலேயே முனை இரண்டும் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். கடையில் விற்கும் தவளை உள்ளே காலியாக இருப்பதால் எளிதில் அமுங்கும். நம் நுரை கெட்டி. முள் படுக்கும் இடத்தில் முதுகை நீளவாக்கில் கொஞ்சம் வழித்து எடுத்தால் அந்தக் குறை தீரும். முள்ளில் இருக்கும் எதிர்முள்ளைக் கொறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவதும் சுலபம், நம் விரலில் ஏறினால் எடுப்பதும் சுலபம்.

பிறகுதான் ஏரி

இங்கே பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போகிறது. குத்தகைக்காரர் காசு கட்டிக் குஞ்சு விட்டிருப்பார். “அண்ணா, தவளை செஞ்சு பாத்துட்டு இருக்கேன், ஓரமா நின்னு வீசிப் பாக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு இறங்குவதுதான் மரியாதை. வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். ஏலகிரி மேலே புங்கனூர் ஏரியில் படகுகள் ஓடும், அங்கே முள் வீசுவது ஆபத்து. ஆண்டியப்பனூர் அணைப் பக்கம் போவதானாலும் அனுமதி கேட்டுவிட்டே போங்கள்.

விடியற்காலை, காற்று அடங்கிய நேரம் சோதனைக்கு நல்லது. விரால் மூச்சு வாங்க மேலே வரும் இடம் தெரியும். அதைத் தாண்டி வீசி, இரண்டு சுண்டு சுண்டி, நிறுத்தி, மறுபடி சுண்டி வாருங்கள். பாய்ந்ததும் பதறி இழுக்காமல், வாய்க்குள் போக ஒரு மூச்சு நேரம் கொடுங்கள். நிறத்துக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் தெரிவது வயிறும் நிழலுருவும்தான். அதனால் கறுப்பு வயிறு ஒன்று, வெளிர் வயிறு ஒன்று என்று இரண்டு செய்து ஒப்பிட்டாலே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

ஒப்பிடும்போது நியாயமாக ஒப்பிடுங்கள். நம் லூரும் கடை லூரும் அதே இடம், அதே நரம்பு, ஒன்றுவிட்டு ஒன்று வீச்சு. ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கால்களையும் எடையையும் ஒன்றாக மாற்றிவிட்டு மீன் கடித்தால், எதனால் கடித்தது என்று ஒருபோதும் தெரியாது. நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை பாய்ச்சல், எத்தனை மாட்டியது, லூர் எந்த நிலையில் திரும்பியது. மூன்றாவதை எழுதும் பழக்கம் வந்துவிட்டால் உங்கள் அடுத்த தவளை தானாகவே தேறிவிடும்.

ஒரு காட்சியைக் கண்டால் மட்டும் நரம்பைச் சுற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சளாகக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதித்துக்கொண்டிருந்தால், கீழே பெற்ற விரால் காவல் இருக்கிறது. அந்த நேரத்தில் தலைக்கு மேல் எது வந்தாலும் அது தாக்கும். பசியால் அல்ல, குஞ்சுக்காக. அதைப் பிடித்துவிட்டால் அந்தக் கூட்டத்தைக் குரவையும் கொக்கும் தின்று தீர்த்துவிடும். லூரைச் சோதிக்க அது இடமும் இல்லை, நேரமும் இல்லை.

நம் தண்ணீருக்கு நாம் தரும் மரியாதை

இந்தத் தோல் தொழில் பகுதியில் வாழும் நமக்குத் தண்ணீரில் எதை விடுகிறோம் என்ற கேள்வி புதிதல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டேனரிக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழானது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. கெடுத்தவரே செலவு ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதி செய்தது. நாடு முழுக்க சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டும் அந்தத் தீர்ப்பு நம் பாலாற்றுக்காகப் பிறந்தது. கழிவு கலக்கும் இடத்தில் பிடித்த மீனைச் சமைக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு லூர் தொலைவதை ஆலைக் கழிவோடு சமமாக வைக்க முடியாது. ஆனாலும் சோல் நுரை மக்காது, நரம்பும் மக்காது. நாரையும் நீர்க்காகமும் காலில் நரம்பு சுற்றி நொண்டுவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனவே ஐந்தில் ஒரு தேர்வில் தேறாவிட்டாலும் அந்த லூரை ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். சிக்கினால் நரம்பை அறுத்துவிட்டு வராமல், எட்டக்கூடிய ஆழமாக இருந்தால் நீளக் கழியால் தள்ளி எடுங்கள். சேறும் பாம்பும் இருக்கும் இடத்தில் தனியாக இறங்க வேண்டாம். வேலை முடிந்து கிளம்பும்போது கரையில் கிடக்கும் அறுந்த நரம்பை, அது யார் விட்டதாக இருந்தாலும், சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.